பெற்றவளைக் கேட்டீர்களா?

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாஞ்சில் நாட்டுக்குள் பிரவேசிக்கிறவர்களை முதலில் வரவேற்பது காற்றுத்தான். மேல்துண்டையும் தலைமயிரையும் ஒரு சுற்றுக் கலைத்துப் பார்த்துவிட்டுத்தான் அது நம்மை உள்ளே விடும். அப்புறம் தோவாளைப் பூவின் வாசனை. அதற்கும் அப்பால் குளங்களும், தாமரையும், மலையடிவாரம் வரையில் பசுமை விரித்த வயல்களும். இந்தக் காட்சிகளையெல்லாம் ஆசையோடு பார்த்துக்கொண்டே சில மாதங்களுக்கு முன் தோவாளைத் தாலூகாவிலுள்ள ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். நாம் போன வீட்டின் பெயரும் வேண்டாம். காரணம் பின்னால் தெரியும்.

நம் உறவுப் பெண் ஒருத்தி தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். பெண் குழந்தை. இருபத்தெட்டாம் நாள் நூல் கட்டும் வைபவம். வீடு நிறைய ஜனங்கள். நடுக்கூடத்தில் தொட்டில், தொட்டிலைச் சுற்றிலும் கேள்விகள்.

"பிள்ளை எத்தனை கிலோ?" "அப்பன் சாயலா, அம்மை சாயலா?" "ராத்திரி தூங்குகிறதா?" "பால் போதுகிறதா?" "மூக்கு யாரைக் கொண்டிருக்கிறது?" இப்படியாகப் பத்திரிகை நிருபர்கள் தோற்றுப் போகும்படி கேள்விகள் பொழிந்தன. வீட்டின் ஆச்சி எல்லாவற்றுக்கும் அலுக்காமல் பதில் சொன்னாள். பேறுகால மருந்து நாள் தவறாமல் கொடுத்து வருவதையும், வேதுத் தண்ணீரில் குளிப்பாட்டுவதையும் பெருமையுடன் விவரித்தாள்.

நாமும் நம் பங்குக்குச் சில கேள்விகளைக் கேட்டு வைத்தோம். குழந்தையின் தாயைப் பார்த்து, "என்ன மக்களே, சௌக்கியந்தானே?" என்றோம். "ஒண்ணுமில்லை, மாமா" என்றாள். கேட்ட கேள்விக்கும் வந்த பதிலுக்கும் பொருத்தமில்லையே என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை. பெண் சற்று இளைத்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு பாயசத்தை ஒரு கை பார்த்தோம். மறுநாள் ஊர் திரும்பினோம்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் தாயார் தொலைபேசியில் கூப்பிட்டு அழுதாள். அந்த வீட்டில் அத்தனை பேரும் கேட்கத் தவறிய ஒரு கேள்வியைக் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் கேட்டிருந்தார். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தப் பெண்ணின் சம்மதம் பெற்றே எழுதுகிறோம். "மாமா, பேரைப் போடாதீங்க, விஷயத்தை மட்டும் எழுதுங்க" என்பது அவள் உத்தரவு.

ஒரு புதன்கிழமை

தமிழ்நாட்டுக் கிராமங்களில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். பிறந்து ஆறு வாரமான குழந்தைக்கு முதல் தவணை ஊசிகள் போடுவதற்காகத் தாயும் பாட்டியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு துணைச் சுகாதார நிலையத்துக்கு வருவார்கள். குழந்தையைத் தராசில் இடுவார்கள். அட்டையில் எடையைக் குறிப்பார்கள். ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டு அழும். அதைச் சமாதானம் செய்துகொண்டு வீடு திரும்புவார்கள். எங்கும் நடப்பது இவ்வளவுதான்.

அன்று அந்தச் செவிலியர் இன்னொரு காரியமும் செய்தார். "எடை நல்லா ஏறியிருக்கு. அம்மா, நீங்க பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வேப்பமரத்தடியிலே கொஞ்சம் நில்லுங்க" என்று பாட்டியை வெளியே அனுப்பினார். கதவை ஒருக்களித்துச் சாத்தினார். மேஜையிலிருந்து அச்சடித்த ஒரு தாளை எடுத்தார். "இனி உன் முறை, மக்களே. பத்துக் கேள்விதான். போன ஏழு நாளா உனக்கு எப்படி இருந்ததோ அதை உள்ளபடி சொல்லு. இதிலே சரி, தப்பு கிடையாது" என்றார்.

முதற் கேள்வி, சிரிப்பைப் பற்றியது. முன்போல வேடிக்கையைக் கண்டு சிரிக்க முடிகிறதா என்று கேட்டார். பெண் பதில் சொல்லவில்லை. கண்ணிலிருந்து ஜலம் வழிந்தது. "சிஸ்டர், நான் சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னே தெரியலே" என்றாள். ஒவ்வொரு கேள்வியாகப் பத்தாவது கேள்விக்கு வந்தபோது, சில இரவுகளில், காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் தேவலை என்று தோன்றுவதாகச் சொன்னாள். ஆறு வாரமாக அவள் மனத்தில் பூட்டி வைத்திருந்த வார்த்தை அது. பெற்ற தாயிடம் சொல்லவில்லை. கட்டிய கணவனிடம் சொல்லவில்லை. பாயசம் சாப்பிட்ட மாமாவிடம் சொல்லவில்லை. கேட்டால் அல்லவா சொல்வதற்கு?

பத்துக் கேள்விகள் பிறந்த கதை

அந்தத் தாளின் பூர்வோத்தரத்தைப் பின்னர் விசாரித்து அறிந்தோம். 1987-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸ், ஜெனிபர் ஹோல்டன், ரூத் சாகோவ்ஸ்கி என்னும் மூவர் அதை உருவாக்கி வெளியிட்டார்கள். எடின்பரோ அளவுகோல் என்று அதற்குப் பெயர். காக்ஸ் அதற்கு முன் ஆப்பிரிக்காவிலே உகாண்டா தேசத்தில் பணியாற்றியவர். பிரசவத்தையொட்டி மனம் நலிவது வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டும் உரிய நாகரிக வியாதியன்று, உலகெங்கும் உள்ளதே என்பதை அங்கே ஆராய்ந்து கண்டவர்.

மனச்சோர்வைக் கண்டுபிடிக்க அதற்கு முன்னும் பல வினாத்தாள்கள் இருந்தன. ஆனால் அவற்றிலே ஒரு சங்கடம். "களைப்பாக இருக்கிறதா? தூக்கம் கெடுகிறதா? உடம்பு வலிக்கிறதா?" என்று அவை கேட்கும். பிரசவித்து ஒரு மாதம் ஆன எந்தத் தாயைக் கேட்டாலும் "ஆம், ஆம், ஆம்" என்றுதானே சொல்வாள்? அவள் நோயாளியா, சாதாரணத் தாயா என்று அதிலிருந்து எப்படித் தெரியும்? ஆகையால் எடின்பரோக்காரர்கள் உடம்பைப் பற்றிய கேள்விகளை அநேகமாக விலக்கிவிட்டு, மனத்தைப் பற்றியே கேட்டார்கள். சிரிக்க முடிகிறதா, வரப்போகும் நாட்களை ஆவலுடன் எதிர்பார்க்க முடிகிறதா, காரணமில்லாமல் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்கிறாளா, காரணமில்லாத கவலையும் பயமும் உண்டா, காரியங்கள் கைமீறிப் போவதாகத் தோன்றுகிறதா, துக்கமும் அழுகையும் எத்தனை தரம் என்பன போன்ற கேள்விகள். தூக்கத்தைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. ஆனால் அது குழந்தை அழுவதால் கெடும் தூக்கத்தைப் பற்றியதன்று. மனக்கஷ்டத்தினால் வராத தூக்கத்தைப் பற்றியது. கடைசிக் கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் உண்டா என்பது.

ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். பூஜ்யம் முதல் மூன்று வரையில் மதிப்பெண். மொத்தம் 30. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் காரியம். ஸ்காட்லாந்தில் 84 தாய்மார்களை வைத்துச் சோதித்து, 13-ம் அதற்கு மேலும் வாங்குகிறவர்களுக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று எல்லைக்கோடு வகுத்தார்கள்.

தமிழ் பேசிய அளவுகோல்

சீமையில் செய்த தராசு நம் ஊர் அரிசிக்கும் சரியாக நிறுக்குமா என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் அதே கேள்வியைக் கேட்டு, அளவுகோலின் தமிழ் வடிவத்தைத் தமிழ்த் தாய்மார்களிடம் சோதித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். தமிழ் வடிவத்துக்குப் பொருத்தமான எல்லைக்கோடு 13 அல்ல, 9 என்று அவர்கள் கண்டார்கள். அந்தக் கோட்டிலே நிறுத்தினால், மெய்யாகவே மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 94 பேரை அது சுட்டிக் காட்டுகிறது. இல்லாதவர்களில் நூற்றுக்கு 90 பேரை "இல்லை" என்று சரியாக விடுகிறது.

13 எங்கே, 9 எங்கே? நம் பெண்கள் ஸ்காட்லாந்துப் பெண்களைவிடக் குறைவாகக் கஷ்டப்படுகிறார்கள் என்பதல்ல இதன் பொருள். கஷ்டத்தைக் குறைவாகச் சொல்கிறார்கள் என்பதே நம் அபிப்பிராயம். "துக்கமாக இருக்கிறாயா?" என்றால் நம் பெண்கள் சுலபத்தில் ஆம் என்று சொல்வதில்லை. தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை கால் ஓய்கிறது என்பார்கள். குழந்தை பிறந்த வீட்டில் துக்கம் என்ற சொல்லையே உச்சரிக்கலாகாது என்பது அவர்கள் பயம். ஆகவே தமிழ்ப் பெண் சொல்லும் "ஏதோ கொஞ்சம்" என்ற பதிலுக்குப் பின்னால் எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதைக் கேட்கிறவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இந்த நோய் எத்தனை பேருக்கு வருகிறது? வேலூருக்கு அருகில் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள்ளும் பரிசோதித்தார்கள். 2002-இல் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி நூற்றுக்குப் பதினொரு பேருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு புதிதாகத் தோன்றியிருந்தது. அதே ஆண்டில் வெளியான கோவா ஆராய்ச்சியில் நூற்றுக்கு 23 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. இந்தியாவில் நடந்த 38 ஆராய்ச்சிகளை, அதாவது இருபதாயிரம் தாய்மார்களுக்கு மேற்பட்டவர்களின் கணக்கை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்து 2017-இல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். சராசரி நூற்றுக்கு 22. அதாவது ஏறக்குறைய ஐந்து தொட்டில்களுக்கு ஒரு தாய்.

கணியம்பாடி ஆராய்ச்சியாளர்கள் காரணங்களையும் ஆராய்ந்தார்கள். வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் குழந்தை பிறத்தல், மாமியாருடனோ பெற்றோருடனோ மனஸ்தாபம், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்ப சம்பவங்கள், ஒத்தாசைக்கு ஆளில்லாமை. இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, "இது அந்தப் பெண்ணின் மனத்தில் உள்ள கோளாறு" என்று எவரேனும் சொல்ல முடியுமா? பட்டியலில் பாதிக்கு மேல் வீட்டில் உள்ளவர்களின் காரியமல்லவா?

தாள் தீர்ப்புச் சொல்லாது

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வினாத்தாளில் 9 வாங்கிவிட்டாள் என்பதால் ஒரு பெண்ணுக்கு நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு தாய்மார்களில் பத்துப் பேருக்கு மெய்யாகவே மனச்சோர்வு என்று வைத்துக்கொள்வோம். வேலூர்க் கணக்கின்படி அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேரைத் தாள் கண்டுபிடித்துவிடும். மீதித் தொண்ணூறு பேரில் சுமார் ஒன்பது பேரையும் வீணாகச் சந்தேகிக்கும். ஆகப் பதினெட்டுப் பேரைச் சுட்டினால் அவர்களில் பாதிப் பேருக்குத்தான் நோய். அது மட்டுமல்ல, நோயுள்ள ஒருத்தி அதன் கண்ணுக்குத் தப்பியும் போகிறாள்.

ஆகையால் தாள் செய்வது சல்லடையின் வேலையே. சலித்து எடுத்தவர்களுடன் விஷயம் அறிந்த ஒருவர் உட்கார்ந்து நிதானமாகப் பேசியே முடிவுக்கு வர வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டுப் பார்ப்பதும் உண்டு. பத்தாவது கேள்விக்கு மட்டும் வேறு விதி. மொத்த மதிப்பெண் எதுவானாலும் சரி, அந்த ஒரு கேள்விக்குப் பூஜ்யத்தைத் தவிர வேறு விடை வந்தால் அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

பிரசவத்தையொட்டி வரும் மனக் கலக்கம் எல்லாம் ஒரே ரகமல்ல என்பதையும் குடும்பத்தார் அறிந்திருப்பது நலம். பிரசவமான மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்குக் காரணமின்றி அழுகை வரும். சிறு சொல்லும் சுடும். இது பத்து நாளில் தானாகவே விலகிவிடும். ஓய்வும் பிரியமான பேச்சுமே மருந்து. அவ்வாறு விலகாமல் இரண்டு வாரத்தையும் தாண்டி, நாளின் பெரும் பகுதியை மனம் இருண்டே கிடந்தால் அது மனச்சோர்வு. இதைத்தான் பத்துக் கேள்விகள் தேடுகின்றன.

மூன்றாவது ரகம் அபூர்வமானது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு வருவது. அநேகமாக முதல் இரண்டு வாரத்துக்குள் திடீரென்று தலைகாட்டும். தூக்கமே இல்லாமை, பிதற்றல், இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணங்கள் என்று வரும். இதற்கு வினாத்தாளும் வேண்டாம். மந்திரித்துக் கயிறு கட்டுவதில் பொழுதைப் போக்கவும் வேண்டாம். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். தக்க சிகிச்சை கிடைத்தால் பூரணமாகக் குணமாகக் கூடியதே அது.

யார் வீட்டில், யார் முன்னிலையில்?

கேள்வி நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. அதை எங்கே, எப்போது, யார் முன்னிலையில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். நம் நாட்டில் ஸ்திரீகளிடம் கேட்கிற கேள்விக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் பதில் சொல்வது வழக்கம். "அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கிறாள்" என்று மாமியார் சொல்லிவிட்டால் அப்புறம் மருமகள் வாய் திறப்பாளா? தாயாரே பக்கத்தில் இருந்தாலும், "என்னை இப்படிப் பார்த்துக்கொள்கிறாளே, அவள் மனம் நோகலாமா?" என்று பெண் மௌனமாகிவிடுவாள். வேப்பமரத்தடிக்குப் பாட்டியை அனுப்பிய செவிலியரின் சாமர்த்தியத்தை இங்கேதான் மெச்ச வேண்டும்.

நாஞ்சில் நாட்டிலே இன்னொரு விசேஷமும் உண்டு. தலைப் பிரசவம் தாய் வீட்டில். சில மாதம் சென்றதும் குழந்தையோடு கணவன் வீட்டுக்குப் பிரயாணம். ஆறாவது வாரத்தில் தாய் வீட்டு நிழலில் கேட்கும்போது கிடைக்கும் பதில், புக்ககம் போன பிறகும் அதேபோல் இருக்கும் என்று சொல்ல முடியாது. வேலையெல்லாம் தலையில் விழும் காலம் அதுதான். கணவன் வளைகுடா நாட்டில் உத்தியோகத்தில் இருப்பான். மேற்கே தூத்தூர்க் கரையானால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பான். ஆகவே ஒரு தடவை கேட்டதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணாமல், அடுத்த தடுப்பூசிகளுக்கு வரும்போதும், புக்ககத்து ஊரிலும், மறுபடி கேட்பதே முறை.

பெண்ணின் முறையீட்டுக்குக் காது கொடுப்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள், "நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்" என்னும் நூலில் ஒரு குடும்பப் பெண் தன் வாயாலேயே தன் துயரத்தைச் சொல்லும்படி செய்தார். ஊர் முதலில் சிரித்தது; பிறகு யோசித்தது. அந்த வாரிசு முறையை மாற்றும் சட்டம் திருவிதாங்கூரில் 1926-இல் பிறந்தது. வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த ஒரு பெண்ணின் குறை, வாய்விட்டுச் சொல்லப்பட்டதும் ஊரார் காரியமாயிற்று. அந்தப் பரம்பரையில் வந்தவர்களுக்குப் பத்துக் கேள்விகளின் மகிமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் ஜில்லாவாக நின்றது கன்னியாகுமரி. தாளைக் கையில் கொடுத்தால் தானே படித்துத் தானே குறி இடக்கூடிய தாய்மார்கள் இங்கே அநேகம். படிக்க இயலாதவர்களுக்குச் செவிலியர் வாசித்துச் சொல்லலாம்.

கேட்ட பிறகு என்ன?

கேட்டுவிட்டுக் கைவிடுவதைக் காட்டிலும் கேளாமலிருப்பதே மேல். மனத்தைத் திறந்து காட்டிய பெண்ணுக்கு அடுத்த படி என்ன என்பது தாளை நீட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பெரிய பட்டணத்து நிபுணர்கள்தான் வேண்டும் என்பதில்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பிரதேசத்துக் கிராமங்களில், நம் கிராமச் செவிலியரைப் போன்ற சாதாரண சுகாதார ஊழியப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுற்ற தாய்மார்களின் வீட்டுக்குப் போய் முறையாகப் பேசி வரச் செய்தார்கள். சுமார் 900 தாய்மார்கள் பங்கு பெற்ற அந்த ஆராய்ச்சியின் முடிவு 2008-இல் வெளியாயிற்று. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது, அவ்வாறு பேசி உதவி பெற்ற தாய்மார்களில் நூற்றுக்கு 23 பேருக்கே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. வெறுமனே பார்த்துவிட்டு மட்டும் வந்த வீடுகளில் அது 53. மருந்துச் சீட்டு இல்லை, ஊசி இல்லை. தெரிந்து பேசும் பேச்சுக்கு இவ்வளவு சக்தி!

பேச்சு போதாத இடத்தில் மருந்து உண்டு. பால் கொடுக்கும் தாய்மார்களும் உட்கொள்ளக் கூடிய மருந்துகளை வைத்தியர்கள் தேர்ந்து கொடுக்கிறார்கள். வைத்தியரைக் கேளாமல் தொடங்கவும் கூடாது. பயந்து நடுவில் நிறுத்தவும் கூடாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தில் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்துச் சிகிச்சை செய்யும் தனிப் பகுதி 2009 முதல் நடந்து வருகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்றே விதிக்கிறது. "ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள்" என்று எண்ணி வாய் மூடிக் கிடக்கும் தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். நாஞ்சில் நாடு 1956 வரையில் சேர்ந்திருந்த மலையாள நாட்டிலே, "அம்ம மனஸ்" என்ற பெயரால், சுகாதாரச் செவிலியர்களே கர்ப்பிணிகளிடமும் தாய்மார்களிடமும் எளிய கேள்விகள் கேட்டு உதவிக்கு அனுப்பும் ஏற்பாடு ஏற்பட்டிருக்கிறது. அண்டை வீட்டில் நடக்கக் கூடியது நம் வீட்டில் ஏன் நடக்கக் கூடாது?

அவசரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால் இரவு பகல் எந்நேரமும் மனநலம் பற்றித் தமிழிலேயே ஆலோசனை சொல்கிறார்கள். 2022-இல் இந்திய சர்க்கார் தொடங்கிய ஏற்பாடு இது, கட்டணம் கிடையாது. குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே இந்த எண்ணை எழுதி வைப்பது நல்லது.

தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே நடக்கின்றன. தாயின் ரத்தத்தை அளக்கிறோம், ரத்த அழுத்தத்தை அளக்கிறோம், சர்க்கரையை அளக்கிறோம். இந்தப் பெருமையெல்லாம் நமக்கு உண்டு. இவற்றோடு ஒரு தாளையும் ஐந்து நிமிஷத்தையும் சேர்த்துக்கொள்வதால் சர்க்காருக்கு வரும் செலவு அற்பம். ஆனால் ஏற்கனவே ஆயிரம் பதிவேடுகளைச் சுமக்கும் செவிலியரின் தோளில் ஆயிரத்தொன்றாவதாக இதையும் ஏற்றி, குறிகளை மட்டும் எண்ணி மேலிடத்துக்கு அனுப்பச் சொன்னால் காரியம் கெட்டுப் போகும். பயிற்சியும், அவகாசமும், அனுப்பி வைக்க ஒரு வைத்தியரும் அவருக்கு வேண்டும்.

மீண்டும் அந்த வீட்டில்

அந்தப் புதன்கிழமை நம் செவிலியர் என்ன செய்தார் தெரியுமா? தாளை மடித்து வைத்துவிட்டு, "இதை என்கிட்ட சொன்னது நல்லதாப் போச்சு மக்களே. இது உன் குத்தம் இல்லை, இதுக்கு வைத்தியம் உண்டு" என்றார். பிறகு பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு தாயாரை உள்ளே அழைத்துப் பேசினார். அன்றைக்கே ஜில்லாவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மனநல வைத்தியரிடம் அனுப்பி வைத்தார். அடுத்த நான்கு புதன்கிழமையும் சாயங்காலம் அந்த வீட்டுப் படியேறினார்.

வீட்டிலும் சில மாறுதல்கள் ஏற்பட்டன. இரவில் ஒரு வேளை குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டியின் பொறுப்பாயிற்று. தாய்க்குத் தொடர்ந்து ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைத்தது. கணவன் லீவு எடுத்துக்கொண்டு வந்து ஒரு மாதம் உடனிருந்தான். "அடுத்தது ஆண் பிள்ளையாகப் பிறக்கட்டும்" என்று ஆசீர்வாதம் செய்ய வந்தவர்களுக்கு ஆச்சி வாசலிலேயே தக்க பதில் கொடுத்து அனுப்பினாளாம்.

சென்ற மாதம் மறுபடி அந்த ஊருக்குப் போனோம். இந்தத் தடவை தொட்டிலுக்குப் போகவில்லை. நேரே பெண்ணிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எப்படியிருக்கிறாய், மக்களே? அவசரமில்லை, யோசித்துச் சொல்லு" என்றோம். கொஞ்ச நேரம் யோசித்தாள். "இப்போ தேவலை மாமா. சில நாள் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நேத்து இவ தும்மினதுக்கு நான் சிரிச்சேன்" என்றாள். சொல்லும்போதே மறுபடியும் சிரித்தாள்.

நேயர்களின் குடும்பத்திலோ, அடுத்த வீட்டிலோ இப்போது ஒரு தொட்டில் ஆடிக்கொண்டிருக்கலாம். பார்க்கப் போகும்போது குழந்தைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தொட்டிலைப் பார்த்துவிட்டு, பெற்றவளோடு ஐந்து நிமிஷம் தனியாகப் பேசிவிட்டு வாருங்கள். "ஒண்ணுமில்லை" என்று பதில் வந்தால், நாம் செய்ததுபோல எழுந்து பாயசத்துக்குப் போய்விடாமல், இன்னும் ஒரு தடவை கேளுங்கள்.